வெளியூர்ப் பெட்டிக்குக் குளிர்

பொய்க்கு வரி என்று ஒன்று போட்டிருந்தால் காரையடிக்குளம் பஞ்சாயத்துக்கு வேறு வருமானமே தேவைப்பட்டிருக்காது. நம்பிராஜன் ஒருத்தர் போதும். தெருவிளக்கு, வாறுகால், ஊருணிக்குச் சுற்றுச்சுவர் எல்லாவற்றையும் அவர் வாயை வைத்தே கட்டி முடித்திருக்கலாம். பேரில் மட்டும்தான் நம்பி; ஆளை நம்பினவர்கள் யார் யார் என்று எண்ணப் போனால் ஒரு விரல்கூட மடங்காது.

அவருக்கு ஊர் ஓரத்துச் செல்போன் டவரில் வேலை. என்ன வேலை என்று அவரிடம் கேட்கக் கூடாது. உள்ளபடி சொன்னால், டவரைச் சுற்றிப் போட்டிருக்கும் கம்பிவேலிக்கு அவர் காவல். கரண்டு போனால் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி ஓட விட வேண்டும், ஆடு உள்ளே நுழைந்தால் விரட்ட வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் குத்திக்கொண்டு, தெருவில் எதிர்ப்படுகிறவர்களிடம் எல்லாம் "எஞ்சினியர் வேலைல்லா, ஓய்வே கெடையாது" என்று அலுத்துக்கொள்வார்.

அன்றைக்கு நவம்பர் முப்பது. ரேஷன் கடை ஆவுடையம்மாளுக்கு ஆத்திரம் மூக்கு நுனியில் இருந்தது. கடையில் அரிசி போடுகிறவள் அவள்தான். வேலையின் பேர் விற்பனையாளர். பெண் என்றும் பாராமல் ஊர் அவளை 'சேல்ஸ்மேனக்கா' என்றுதான் கூப்பிடும். கார்டுக்காரர் வந்து ரேகை மெஷினில் விரலை வைக்க வேண்டும். மெஷின் அந்த ரேகையை டவர் வழியாக எங்கேயோ அனுப்பி, இன்னார்தான் இவர் என்று பதில் வாங்கிவந்தால்தான் மூட்டையில் கை வைக்கலாம். இரண்டு நாளாக டவர் இல்லை. மெஷினில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

மெஷினைத் தூக்கிக்கொண்டு அவள் ஏறாத இடம் கிடையாது. கடை மாடி, தண்ணீர்த் தொட்டி, வேப்பமரத்து முதல் கவட்டை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டாள். நாற்பத்து மூன்று கார்டு பாக்கி. மாதம் முடிந்தால் வாங்காத அரிசி வாங்காததுதான். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். முந்தின நாள் வரிசையில் ஒரு குரல், "மெஷினு மேல பழியப் போட்டுட்டு அரிசிய ஒதுக்குதா" என்று முணுமுணுத்ததுதான் அவளைச் சுட்டுவிட்டது. பதினெட்டு வருஷத்தில் ஒரு பிடி அரிசி எடுத்தவள் இல்லை அவள். இன்று சாயந்தரத்துக்குள் அரிசி போடாவிட்டால் அந்தப் பேச்சு தன் பேரோடு ஒட்டிக்கொள்ளும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வரிசையில் முதல் ஆள் செல்லக்கனி. பீடி சுற்றுகிறவள், மூன்றாம் நாளாகப் பையோடு வந்து நிற்கிறாள். அவள் வீட்டு அரிசிப் பானையை நேற்றே கவிழ்த்தாயிற்று. அடுத்து கோயில்பிச்சை, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்காத ஆளை முகத்தைப் பார்த்தே பிடிக்கிறவர்; பொய்யையும் அப்படித்தான் பிடிப்பார். இவர்கள் நடுவில்தான் நம்பிராஜன் கார்டும் பையுமாக வந்து, வரிசையில் நிற்காமல் காலிச் சாக்கு அடுக்கின்மேல் உட்கார்ந்தார்.

"கண்ணு முன்னால நெடுமரமா நிக்கி. கேட்டா டவர் இல்லங்காவ," என்றாள் செல்லக்கனி, எதிரே நின்ற டவரைக் காட்டி.

"டவர் எப்ப வரும் அண்ணாச்சி?" என்று ஆவுடையம்மாள் கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. வாய் தவறிவிட்டது.

"வரும் தாயி. நான் வான்னா வரும். அத நட்டதே நாந்தான?"

"நட்டீரா? அது என்ன கருவேலங்கன்னா வே, நடுததுக்கு?" என்றார் கோயில்பிச்சை.

"வே, நீரு அப்ப பஸ்ஸுல விசில் ஊதிட்டுக் கெடந்தீரு. ஒமக்கு எங்கன தெரியும்? டவரு வந்து எறங்குன அன்னைக்கு மெட்ராஸ்லேருந்து ஒரு கிரேனு வந்துது. உச்சியில வைக்க வேண்டிய ஆன்டெனாவத் தூக்குச்சு. பாதி ஒசரம் போகவும் கிரேனு கழுத்து மளுக்குன்னு ஒடிஞ்சிட்டு. எஞ்சினியருமாரு எட்டு பேரும் தலையில கைய வச்சு உக்காந்துட்டாவ. நான் பாத்தேன். வேட்டிய அவுத்தேன்..."

"ஐயே," என்று செல்லக்கனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உள்ள டவுசர் போட்டிருந்தேன், பயப்படாத. வேட்டியத் திரிச்சுக் கயிறாக்கி, ஒரு நுனியில ஆன்டெனாவக் கட்டி, மறு நுனியப் பல்லுல கடிச்சுக்கிட்டு விறுவிறுன்னு ஏறிட்டேன். மூணு ஆன்டெனா, மூணு நட. எஞ்சினியரு கண்ணுல தண்ணி."

"போன வாரம் கடை மாடியில காக்காக் கூட்டக் கலைக்கணும், ஏணியில ஏறுங்கன்னதுக்குத் தலை சுத்துதுன்னீங்களே?" என்றாள் ஆவுடையம்மாள்.

"ஏணி சின்ன ஒசரம்லா தாயி. சின்ன ஒசரம் எனக்கு ஒத்துக்காது. நூறடிக்கு மேல போனாத்தான் எனக்குத் தலை தெளியும்."

வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஆவுடையம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. மெஷினை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். வட்டம் சுற்றியது. இந்த மனுஷனுடைய வாயைத் தைத்து மூடச் சாதாரணத் தையல் ஊசி போதுமா, சாக்கு தைக்கிற கோணி ஊசிதான் வேண்டுமா என்று யோசித்தாள். அதற்குள் அவர் அடுத்த கதைக்குப் போயிருந்தார்.

"உச்சியில நின்னு மூச்சு வாங்குதேன். ஒரு ஏரோப்ளேனு என் காதுகிட்ட வந்து நிக்கி."

"நிக்கா? அங்கன ஸ்டாப்பிங் உண்டுமா?" என்று கோயில்பிச்சை தொழில்முறையில் கேட்டார்.

"எனக்காக நிறுத்தினான் வே. பைலட்டு கண்ணாடிய எறக்கிட்டு, 'அண்ணாச்சி, திருவனந்தபுரத்துக்கு எப்படிப் போகணும்'னு கேக்கான். புது ஆளு போல. 'இப்படியே மேக்க போப்பா, களக்காட்டு மலை வந்ததும் சோத்தாங்கைப் பக்கம் திரும்பு'ன்னேன். கும்பிட்டுட்டுப் போனான்."

"களக்காட்டுல சோத்தாங்கைப் பக்கம் திரும்பினா தென்காசில்லா வரும்?" என்றார் கோயில்பிச்சை.

"பாவம், அந்தப் ப்ளேனு இன்னமும் தென்காசி பஸ் ஸ்டாண்டச் சுத்திட்டுக் கெடக்கும்," என்றாள் செல்லக்கனி.

இதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்? வெட்கம் என்பது நம்பிராஜன் வீட்டுப் பக்கம் வழி தெரியாமல்கூட வந்ததில்லை. சாக்கு அடுக்கின்மேல் ஒரு காலைத் தூக்கி மடித்து வைத்துக்கொண்டார்.

"சிரிங்க, சிரிங்க. ஆன்டெனாவத் திருப்பி வைக்குதது லேசுப்பட்ட வேலையா? ஒரு நூலு கூடினா ஊரே மாறிரும். ஒருநாளு நான் சும்மா பெருவெரலால ஒரு தள்ளு தள்ளினேன், வடக்காம. அவ்வளவுதான். டெல்லியில உள்ள போனு அம்புட்டும் ஒண்ணா அடிக்கி. பெரிய ஆபீசரு ஒருத்தரு என்னக் கூப்பிட்டு, 'நம்பிராஜன், ஒங்க சிக்னலு தாங்க முடியல. இங்க கட்டடமெல்லாம் ஆடுது. கொஞ்சம் கொறைங்க'ன்னு கெஞ்சுதாரு."

"டெல்லிக்காரன் ஒம்மகிட்டத் தமிழ்லயா பேசினான்?"

"அவரு இந்தியிலதான் பேசினாரு. நம்ம டவருக்குள்ள நுழைஞ்சா இந்தி தானா தமிழாயிரும் வே. நான் செட்டிங் வச்சிருக்கேன்."

"அப்ப நீரு பொய்யா பேசுததையும் உண்மையா மாத்த ஒரு செட்டிங் வச்சிருக்கலாம்லா," என்றார் கோயில்பிச்சை.

"பொய்யா? போன வருஷம் ஐப்பசியில இடி விழுந்துதே, அன்னைக்கு நீங்கள்லாம் கட்டிலுக்கு அடியில. நான் டவரு அடியில. மின்னல் நேரா டவர் தலைக்கு எறங்குது. விட்டா ஊரு சாம்பலு. எட்டி ரெண்டு கையாலயும் மின்னலோட வாலப் புடிச்சேன். துள்ளுது, விரால் மீனு மாதிரி வழுக்குது. விடல்லியே! இழுத்துட்டுப் போயி பேட்டரிக்குள்ள தலையத் திணிச்சு மூடியப் போட்டுட்டேன். அந்த ஒத்த மின்னல்ல மூணு மாசம் டவரு ஓடிச்சு. கரண்டு போனாலும் நான் ஒரு சொட்டு டீசல் ஊத்தல, தெரியுமா?"

கோயில்பிச்சை முன்னால் வந்தார். "அப்படியா? மூணு மாசமா டீசல் ஊத்தல. ஆனா மாசாமாசம் கம்பெனி வேன்ல டீசல் கேன் வந்து எறங்கிச்சே, நான் பாத்தேனே. அந்த டீசல் எங்க வே போச்சு?"

டவர் உச்சியில் நின்று ஏரோப்ளேனுக்கு வழி சொன்னவருக்கு இந்தக் கேள்விக்கு வழி தெரியவில்லை. "அது... காத்துல ஆவியாப் போயிரும் வே. டீசலோட கொணம் அது," என்றார். வரிசை முழுக்க 'ஓஹோ' என்று இழுத்தது.

செல்லக்கனிக்குப் பொறுமை தீர்ந்துபோயிற்று. பையைத் தரையில் வீசினாள். "கேக்கவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதுன்னு சொல்லுவீக. மின்னலப் புடிச்ச மனுஷன் இந்தச் செத்த டவர மட்டும் ஏன் எழுப்ப முடியல? எம்பிள்ளைக நேத்து ராத்திரி கஞ்சித்தண்ணி குடிச்சிட்டுப் படுத்திருக்கு. நீங்க இங்கன உக்காந்து வாயால வட சுடுதீக!"

இது அவருக்குக் குத்திவிட்டது. தன்னால் முடியாது என்று ஒருத்தி சொல்வதா? சாக்கிலிருந்து எழுந்து நின்றார்.

"எழுப்பவா? ஏ செல்லக்கனி, அது தானா ஒண்ணும் சாகல. நான்லா அதத் தூங்க வச்சிருக்கேன்!"

ஆவுடையம்மாள் மெஷினிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"என்னது அண்ணாச்சி? இன்னொரு தடவ சொல்லுங்க."

கேட்க ஆள் கிடைத்துவிட்டது என்று அவருக்கு உற்சாகம் தலைக்கேறியது. "டவரு அடியில வெள்ளையா ஒரு பெட்டி நிக்கில்லா, பீரோ கணக்கா? அதுதான் டவரோட ஈரக்கொல. அது இல்லன்னா மேல இருக்கது வெறும் இரும்பு. அத வைக்கும்போதே கம்பெனி எஞ்சினியரு என் கையப் புடிச்சிட்டு, 'நம்பிராஜன், இது அவுட்டோர் பெட்டி, பாத்துக்கிடுங்க'ன்னு சொல்லிட்டுப் போனாரு. அவுட்டோர்னா என்னன்னு இங்க யாருக்காவது தெரியுமா? சினிமாக்காரன் மெட்ராஸ விட்டுட்டு நம்ம குத்தாலத்துல வந்து படம் புடிக்கானே, அதுக்குப் பேரு அவுட்டோர். அவுட்டோர்னா வெளியூரு. வெளியூருப் பெட்டி! நம்மூரு மழையும் வாடையும் அதுக்குப் பழக்கமா, சொல்லுங்க?"

"அதனால?"

"அதனாலயா? முந்தாநாளு மழையில நின்னு அது நடுங்குது தாயி. உள்ளுக்குள்ள 'ம்ம்ம்'ன்னு முனங்குது. யாரு பெத்த பிள்ளையோன்னு எனக்கு மனசு கேக்கல. ஜெனரேட்டர மூடுத தார்ப்பாய எடுத்துப் போத்தினேன். மழை விட்டு வெயிலடிக்கி, அப்பவும் முன்னவிடச் சத்தமா நடுங்குது. குளிர் காய்ச்சலுன்னு புரிஞ்சிட்டு. என் கம்பளிய எடுத்து மேல சுத்தினேன். ஊளையே விட்டுட்டு. விட்டேனா பாரு? கோயில் கொடைத் திருவிழாவுக்கு வச்ச ஃப்ளெக்ஸ் பேனர் ஒண்ணு கெடந்துது. அதையும் சுத்திக் கயித்தால இறுக்கிக் கட்டினேன். அரைமணி நேரத்துல கப்சிப். ரெண்டு நாளாச்சு, ஒரு முனங்கல் கெடையாது. பச்சப்பிள்ள மாதிரித் தூங்குது. எந்த எஞ்சினியரு செய்வான் இத?"

யாரும் சிரிக்கவில்லை. வாழ்நாளிலேயே முதல் தடவையாக, நம்பிராஜன் சொன்னதை எல்லோரும் அப்படியே நம்பினார்கள்.

"எத்தன மணிக்கு அண்ணாச்சி கட்டினீங்க?" ஆவுடையம்மாள் குரலை உயர்த்தவில்லை.

"மத்தியானம் மூணு இருக்கும்."

மூன்றரைக்குத்தான் மெஷின் நின்றது. செல்லக்கனியின் விரல் அதன்மேல் இருந்தபோதே நின்றது. ஆவுடையம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நாளாக மரத்தில் ஏறினதும், சோறு இறங்காமல் படுத்ததும், திருட்டுப் பட்டம் சுமந்ததும் இந்த ஆளின் ஒரு கம்பளியால்.

"அவுட்டோர்னா வெளியூரு இல்ல. வெளிய! வீட்டுக்கு வெளிய, மழையிலயும் வெயில்லயும் நிக்கதுக்குன்னே செஞ்ச பெட்டி அது. அது நடுங்கல அண்ணாச்சி, உள்ள காத்தாடி ஓடிருக்கு. சூடு போக வழியில்லாமக் கத்திருக்கு. மாவரைக்கும்போது மிக்ஸி சூடேறினா தானா நின்னு போவுதுல்ல? அப்படி நின்னு போச்சு. நீங்க தூங்க வைக்கல. மூச்ச முட்ட வச்சுட்டீக."

"நீ ரேஷன் கடை தாயி. டவரப் பத்தி நீ எனக்குச் சொல்லாத."

"நடங்க," என்றாள் அவள்.

வரிசை அப்படியே கலையாமல் டவருக்கு நடந்தது. மெஷினைக் கையில் ஏந்திக்கொண்டு ஆவுடையம்மாள் முன்னால் போனாள். வேலியருகே வந்ததும் நம்பிராஜன் கேட்டின் குறுக்கே நின்று, வெளியாட்கள் உள்ளே வருவது கம்பெனி ரூலுக்கு விரோதம் என்றார். கோயில்பிச்சை அவருடைய இடுப்பைப் பார்த்தார். அரைஞாணில் சாவி தொங்கியது.

"சாவிய நீரே எடுக்கீரா, நான் எடுக்கட்டா வே?"

எடுத்துக் கொடுத்தார். வரிசை உள்ளே போய்ப் பெட்டியைச் சூழ்ந்துகொண்டது. மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டினதுபோல் சுற்றோ சுற்றென்று சுற்றியிருந்தது. மேலே சின்னதாக ஒரு வெள்ளைக் குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மங்கி குல்லா மாட்டியிருந்தார்.

"காது அடைக்குமேன்னு..." என்றார் கேட்டிலேயே நின்றுவிட்ட நம்பிராஜன், மெதுவாக.

செல்லக்கனி கயிற்றை அறுத்தாள். பேனர் வந்தது, கம்பளி வந்தது, தார்ப்பாய் வந்தது. உள்ளேயிருந்து அடுப்பைத் திறந்ததுபோல் அனல் முகத்தில் அடித்தது. நாலைந்து பெண்கள் அரிசி வாங்கக் கொண்டுவந்த பைகளாலேயே பெட்டிக்கு விசிறினார்கள். ஆவுடையம்மாள் மெஷினை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள். தெய்வத்தை அவள் அடிக்கடி தொந்தரவு செய்கிறவள் இல்லை. அன்றைக்குச் செய்தாள்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. பெட்டிக்குள் எங்கேயோ 'டக்' என்றது. காத்தாடி ஒன்று சுற்ற ஆரம்பித்தது, பிறகு இன்னொன்று. ஒரு பச்சை விளக்கு மினுக்கியது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம்தான் அவள் கையிலிருந்த மெஷின் 'பீப்' என்றது. வட்டம் நின்றுவிட்டது.

"பாத்தியளா! என் கை பட்டதும் முழிச்சிட்டு!" என்று கூவினார் நம்பிராஜன். அவர் கை வேலிக்கு வெளியேதான் இருந்தது. அவரைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. எல்லோரும் கடைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

செல்லக்கனியின் ரேகை முதல் தடவையிலேயே பிடித்தது. ஆவுடையம்மாள் அரிசியை எடை போட்டுப் பையில் சரித்தபோது செல்லக்கனி தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: "நேத்து ஒரு வார்த்த கேட்டிருப்பீகளே. அது சொன்னது நாந்தான்க்கா. வயிறு பேசிட்டு."

"தெரியும். பையச் சரியாப் புடி, சிந்தப் போவுது," என்றாள் ஆவுடையம்மாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மூட்டையைக் குனிந்து இழுக்கிற சாக்கில் துடைத்துக்கொண்டாள்.

சாயந்தரம் ஐந்தரைக்கு நாற்பத்திரண்டு கார்டு முடிந்தது. கடைசியாக ஒன்று. வரிசையில் நிற்காத குற்றத்துக்கு நம்பிராஜனைக் கடைசியில்தான் விட்டார்கள். அரிசி வாங்கினவர்களில் பாதிப்பேர் போகாமல் நின்றார்கள். கோயில்பிச்சை நிற்காமல் இருப்பாரா?

நம்பிராஜன் வலது பெருவிரலை வைத்தார். 'கைரேகை பொருந்தவில்லை' என்றது மெஷின். விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு வைத்தார். பொருந்தவில்லை. ஆள்காட்டி விரல், இடது பெருவிரல், எதற்கும் அதே பதில்தான்.

கூட்டம் அவர் முகத்தையே பார்த்தது.

"எப்படிப் பொருந்தும் தாயி? ஆயிரம் டவர் ஏறின கைலா இது! இரும்பப் புடிச்சுப் புடிச்சு என் ரேகை அம்புட்டும் டவர்லயே ஒட்டிக்கிட்டு. கம்பெனிக்காரன் இப்ப அத வச்சுத்தான் சிக்னலே அனுப்புதான். போன எடுத்ததும் ஒங்க காதுல 'கொர்'ருன்னு இரையுதுல்ல? அது என்னன்னு நெனச்சீக? என் பெருவெரல் ரேகைதான்!"

ஆவுடையம்மாள் மெஷினைத் துடைத்து வைத்தாள். அவருடைய கார்டில் அவர் மனைவி பேரும் இருந்தது; அதை மூடி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இத்தன வருஷம் பேசின பேச்சுக்கு நாக்குல்லா அண்ணாச்சி தேஞ்சிருக்கணும், அது மட்டும் புதுசாவே இருக்கு. ஆறு மணி வரைக்கும் கடை தொறந்திருக்கும். போயி மைனியக் கூட்டிட்டு வாங்க. அவுக வெரலாவது உண்மையச் சொல்லுதான்னு பாப்போம்."